வாசகர் கேள்விகள்: ரசிகர் மாநாட்டில் நான்கு நாட்கள்

அறிவியல் புனைகதையையும் மிகுபுனைவையும் விரும்பிப் படிப்பவர்கள் ஆண்டுதோறும் பிரிட்டனில் கூடும் ஈஸ்டர்கான் மாநாட்டைப் பற்றிச் சென்ற இதழில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பல கடிதங்கள் ஒரே கேள்வியைக் கேட்டிருந்ததால், அவற்றிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து இந்த மாதம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஈஸ்டருக்கு நான்கு நாள் விடுமுறை இருக்கிறது; ஈஸ்டர்கானுக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். போன வருடம் ஒரு பெரிய கண்காட்சிக்கு டிக்கெட் எடுத்துப் போய், ஒரு நடிகரிடம் கையெழுத்து வாங்க மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, கைக்காசைக் கரைத்துவிட்டுத் திரும்பினேன். இதுவும் அப்படித்தானா?
— வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: அப்படி இல்லை, தாராளமாகப் போங்கள். நீங்கள் போன கண்காட்சியில் நீங்கள் வாடிக்கையாளர். ஈஸ்டர்கானில் டிக்கெட் என்பதே கிடையாது, உறுப்பினர் கட்டணம்தான் உண்டு. இது வெறும் சொல் மாற்றம் என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் அந்தக் கட்டணத்தைச் செலுத்தியவர்கள்தான் இரண்டு ஆண்டுகள் கழித்து மாநாடு எந்த ஊரில், யார் பொறுப்பில் நடக்க வேண்டும் என்பதை ஒரு கூட்டத்தில் அமர்ந்து, கேள்வி கேட்டு, வாக்களித்து முடிவு செய்கிறார்கள். பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைச் சங்கம் வழங்கும் ஆண்டு விருதுகளுக்கு, அச்சங்கத்தின் உறுப்பினர்களோடு ஈஸ்டர்கானின் உறுப்பினர்களும் வாக்களிக்கிறார்கள். நடத்துபவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. சிறப்பு விருந்தினராக அழைக்கப்படும் எழுத்தாளருக்குப் பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஏற்றுக்கொள்வார்கள். மற்றபடி மேடையில் பேசுபவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே பணம் கட்டி வந்த உறுப்பினர்கள்.

இந்த மரபுக்கு வயது அதிகம். 1937ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி, லீட்ஸ் நகரத்தின் பிரம்மஞான சபை மண்டபத்தில் (சென்னைக்காரர்களுக்கு அடையாறு என்றதும் நினைவுக்கு வரும் அதே சபைதான்) ஒரு சிறிய ரசிகர் கூட்டம் நடந்தது. முன்னதாகவே அறிவித்து, அறிவியல் புனைகதைக்காக மட்டுமே நடத்தப்பட்ட முதல் மாநாடு அதுதான் என்பது பிரிட்டிஷ் ரசிகர்களின் கட்சி. அதற்கு முந்தைய அக்டோபரில் பிலடெல்பியாவில் நியூயார்க் ரசிகர்களும் உள்ளூர் ரசிகர்களும் சந்தித்ததே முதல் மாநாடு என்பது அமெரிக்கர்களின் கட்சி. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஈஸ்டர் விடுமுறையில் கூடும் வழக்கம் 1955இல் கெட்டரிங் என்ற சிற்றூரில் தொடங்கியது. புனித வெள்ளி முதல் ஈஸ்டர் திங்கள் வரை நான்கு நாட்களும் விடுமுறையாக இருப்பதால், வேலைக்குப் போகிறவர்களும் விடுப்பு எடுக்காமல் வந்துவிட முடிகிறது.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. மாநாட்டுக் குழு, மாநாடு நடக்கும் விடுதியோடு பேசி உறுப்பினர்களுக்கென்று ஒரு சலுகை வாடகையை வாங்கி வைத்திருக்கும். விடுதியின் பொது இணையதளத்தில் அவசரப்பட்டு முன்பதிவு செய்துவிடாமல், குழு அனுப்பும் வழியிலேயே பதிவு செய்யுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கும் மாணவர்களுக்கும் உறுப்பினர் கட்டணம் குறைவாகவே இருக்கும்; தயங்காமல் கேட்கலாம்.

கேள்வி: செப்டம்பரில் மேற்படிப்புக்காக மான்செஸ்டர் போகிறேன். அடுத்த ஈஸ்டருக்கு இந்த மாநாட்டுக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஆனால் தனியாகப் போக வேண்டும். அங்கே யாரையும் தெரியாது. முன்பின் தெரியாதவர்களோடு பேசுவது எனக்கு எப்போதுமே கடினம். நான்கு நாட்கள் என்ன செய்வேன்?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் முதல் ஈஸ்டர்கான் நினைவுக்கு வந்துவிட்டது, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். பதிவு மேசையில் பேட்ஜும் நிகழ்ச்சிநிரல் புத்தகமும் கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு அறைகளில் அமர்வுகள். ஓர் அறையில் விண்வெளிக் கப்பல்களில் உணவு எப்படி விளையும் என்று ஒரு தாவரவியலாளரும் இரண்டு நாவலாசிரியர்களும் விவாதிக்கிறார்கள். பக்கத்து அறையில் மந்திரத்துக்கு விதிகள் வேண்டுமா வேண்டாமா என்று வாக்குவாதம். இரண்டு அமர்வுகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்தால் கூடம் முழுக்க முப்பது ஆண்டுப் பழக்கம் உள்ளவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டும் குழுகுழுவாகச் சிரித்துக்கொண்டும் நிற்கிறார்கள். நான் அறைக்குப் போய், கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கான ரயிலைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் தன்னார்வலர் மேசையைக் கடந்து போனபோது, அங்கிருந்த ஒரு பெண்மணி என் பேட்ஜைப் பார்த்து, என் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். சொன்னேன். இரண்டு முறை தவறாகச் சொல்லி, மூன்றாவது முறை சரியாகச் சொல்லிவிட்டு, "பதினொரு மணி அமர்வுக்கு ஆள் குறைகிறது, ஒரு மணி நேரம் கொடுக்க முடியுமா?" என்றார். வேலை எளியதுதான். மேடை மேசையில் தண்ணீர்க் கூஜாவையும் நான்கு கண்ணாடித் தம்ளர்களையும் வைக்க வேண்டும். பேச்சாளர்களின் பெயர் எழுதிய அட்டைகளை மடித்து நிறுத்த வேண்டும். அமர்வு தொடங்கியதும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி எழுத வேண்டும். பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்து, பத்து நிமிடம், ஐந்து நிமிடம், ஒரு நிமிடம் என்று எழுதிய மூன்று அட்டைகளை நேரம் பார்த்து நெறியாளருக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். நான் ஐந்து நிமிட அட்டையைத் தூக்கியபோது, நான் பல்கலைக்கழக நாட்களிலிருந்து படித்துவரும் ஓர் எழுத்தாளர் மேடையிலிருந்து எனக்குத் தலையசைத்துவிட்டு, தன் பேச்சைச் சுருக்கத் தொடங்கினார். அந்த நொடியில் எனக்கு அந்த இடத்தில் ஒரு வேலை இருந்தது. வேலை இருந்ததால் பேச ஒரு காரணமும் இருந்தது. அமர்வு முடிந்து கூஜாவை எடுக்கப் போனபோது அந்த எழுத்தாளரே வந்து நன்றி சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு நெறியாளரோடு உட்கார்ந்தேன். ரயிலை மாற்றத்தான் செய்தேன், திங்கட்கிழமை மாலைக்கு.

ஆகவே உங்களுக்கு என் முதல் யோசனை, சனிக்கிழமைவரை காத்திராமல் வெள்ளிக்கிழமை மதியமே தன்னார்வலர் மேசைக்குப் போய்ப் பெயர் கொடுங்கள் என்பதுதான். தெரியாதவர்களிடம் வலியப் போய்ப் பேசுவது உங்களைப் போன்றவர்களுக்கும் எனக்கும் மலையாகத் தெரியும். நாற்காலி அடுக்கும்போது பக்கத்தில் அடுக்குபவரோடு பேசுவது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை.

இரண்டாவது யோசனை, காஃபிகிளாட்ச் எனப்படும் சிறு சந்திப்புகள். ஓர் எழுத்தாளரோடு பத்துப் பேர் அளவில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசலாம். முன்கூட்டியே பெயர் எழுத வேண்டும். புகழ்பெற்றவர்களுக்கு இடம் உடனே நிரம்பிவிடும். எனவே நீங்கள் கேள்விப்படாத ஓர் எழுத்தாளரின் தாளில் பெயரை எழுதுங்கள். நான் அப்படி எழுதிய ஒரு சந்திப்பில் எங்கள் நால்வரைத் தவிர யாரும் வரவில்லை. அந்த எழுத்தாளர் தன் முதல் நாவல் ஒன்பது முறை நிராகரிக்கப்பட்ட கதையை, ஒவ்வொரு கடிதத்திலும் என்ன எழுதியிருந்தது என்பது உட்பட, எங்களுக்குச் சொன்னார்.

இரவு பத்து மணிக்கு மேல் ஃபில்க் நடக்கும் அறையைத் தேடிப் போங்கள். விண்வெளியையும் டிராகன்களையும் பற்றித் தாங்களே கட்டிய பாடல்களை, வட்டமாக உட்கார்ந்து கிட்டாரோடு முறைவைத்துப் பாடுவார்கள். 1950களில் ஒரு கட்டுரையில் நாட்டுப்புறப் பாடலைக் குறிக்கும் 'ஃபோக்' என்ற சொல் தவறுதலாக 'ஃபில்க்' என்று தட்டச்சாகி, அந்தப் பிழையே பெயராக நிலைத்துவிட்டது. குரல் நன்றாக இல்லாதவர்களும் பாடுகிறார்கள். அவர்களுக்கும் அதே கைத்தட்டல்தான். சும்மா உட்கார்ந்து கேட்பவரையும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

உடம்பையும் கவனித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல் என்பது மாநாட்டுக்காரர்களிடையே பழகிப்போன கணக்கு. ஐந்து மணி நேரத்தை நான் ஏழாக்கியே பரிந்துரைப்பேன். விடுதிச் சாப்பாடு விலை அதிகம், சைவம் என்றால் தேர்வும் குறைவு. பக்கத்துப் பல்பொருள் அங்காடியில் ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா இருந்தால் தன்னார்வலர் அறையில் கொண்டுபோய்த் திறந்து வையுங்கள். மூடிய அறைகளில் நான்கு நாட்கள் நூற்றுக்கணக்கானவர்களோடு இருந்துவிட்டுத் திரும்பும்போது சளியும் காய்ச்சலும் வருவது அத்தனை வழக்கம் என்பதால் அதற்கே ஒரு தனிப்பெயர் உண்டு. முகக்கவசம் அணிபவர்கள் இப்போதும் பலர், நீங்களும் அணியலாம்.

முடிந்தால் திங்கட்கிழமை நிறைவு விழாவுக்குப் பிறகும் இருங்கள். மிச்சம் இருப்பவர்கள் களைத்துப்போய் மதுக்கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கடைசி மாலைக்கு டெட் டாக் பார்ட்டி என்று பெயர். குடிக்காதவர்களுக்குத் தேநீர் கிடைக்கும். முதல் நாள் யாரும் பேசவில்லை என்று நினைத்த அதே கூடத்தில் பத்துப் பேராவது உங்கள் பெயரைச் சொல்லி அழைப்பார்கள்.

கேள்வி: வேடம் போட்டுக்கொண்டு போக வேண்டுமா?
— வாசகர், திருச்சி

பதில்: வேண்டியதில்லை. ஈஸ்டர்கானில் பெரும்பாலோர் சாதாரண உடையில்தான் இருப்பார்கள். விரும்பினால் போடலாம், வேட அணிவகுப்புக்கென்று ஒரு மாலை ஒதுக்குவதும் பல மாநாடுகளில் உண்டு. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, மர்ட்டில் டக்ளஸ் என்ற ரசிகை எதிர்கால மனிதர்கள் அணியும் உடை இது என்று கற்பனை செய்து தானே தைத்த ஆடையை அணிந்து வந்தார். தன் நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மனுக்கும் அவரே தைத்துக் கொடுத்தார். இன்று உலகம் முழுவதும் காஸ்ப்ளே என்று அழைக்கப்படும் கலையின் தொடக்கத்தில் அந்தப் பெண்ணின் தையல் இயந்திரம் இருக்கிறது. அக்கர்மனின் பெயரை எழுதியவர்கள் பல காலம் டக்ளஸின் பெயரை விட்டுவிட்டார்கள் என்பதால் அதை இங்கே முதலில் எழுதுகிறேன். வேடமிட்டவரைப் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். கேட்காமல் உடையைத் தொடக் கூடாது.

கேள்வி: நான் தமிழில் மட்டுமே அறிவியல் கதைகள் படித்து வளர்ந்தவன். ஆங்கிலத்தில் அவர்கள் கொண்டாடும் நாவல்களில் கால்வாசிகூடப் படித்ததில்லை. அங்கே போனால் ஒன்றும் தெரியாதவன் என்று ஒதுக்கிவிட மாட்டார்களா? நிறமும் ஒரு தயக்கம். படங்களில் பார்த்தால் எல்லாரும் வெள்ளைக்காரர்களாகத்தான் தெரிகிறார்கள்.
— வாசகர், லெஸ்டர்

பதில்: இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன்.

படித்தது குறைவு என்ற பயம் தேவையில்லை. அங்கே யாரும் எல்லாவற்றையும் படித்தவர் இல்லை. "நான் இதைப் படித்ததில்லை, எங்கிருந்து தொடங்கலாம்?" என்று புத்தக விற்பனைக் கூடத்தில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், அடுத்த இருபது நிமிடம் அவர் உங்களை விடமாட்டார். நீங்கள் தமிழில் படித்தவை அங்கே பெரும்பாலோர் படித்திராதவை என்பதையும் மறக்காதீர்கள். முதல் மாநாட்டில் என்னோடு சாப்பிட்ட நெறியாளர், தமிழில் இத்துறையில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். நான் தயாராக இருக்கவில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்களைப் பற்றி ஏதோ சொன்னேன், ஒரு கதையைக்கூட ஒழுங்காகச் சொல்லி முடிக்க முடியவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. அடுத்த மாநாட்டுக்கு முன்பே நிகழ்ச்சிக் குழுவுக்கு எழுதி, மொழிபெயர்ப்பு பற்றிய ஓர் அமர்வில் பேச விருப்பம் என்று தெரிவித்தேன், சேர்த்துக்கொண்டார்கள். எந்த உறுப்பினரும் அப்படி எழுதலாம். நீங்களும் எழுதுங்கள்.

நிறத்தைப் பற்றி உங்களிடம் பூசி மெழுக விரும்பவில்லை. நான் போன மாநாடுகளில் நம்மைப் போன்றவர்கள் குறைவாகவே இருந்தார்கள். ஒரு மாநாட்டில், நான் லண்டன் என்று சொன்ன பிறகும், உண்மையில் எந்த ஊர் என்று ஒருவர் மூன்று முறை கேட்டார்; இன்னொருவர் என்னை விடுதி ஊழியர் என்று நினைத்துக் காலிக் கோப்பையை நீட்டினார். இரண்டும் வலித்தன. ஆனால் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று உள்ளிருந்தே உழைப்பவர்களும் இருக்கிறார்கள். வெள்ளையர் அல்லாத ரசிகர்கள் மாநாடுகளுக்கு வர நிதியுதவி செய்வதற்கென்றே கான் ஆர் பஸ்ட் என்ற திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. உலக மாநாட்டின் உறுப்பினர்கள் வாக்களித்து வழங்கும் ஹ்யூகோ விருது 1953இல் தொடங்கியிருந்தும், சிறந்த நாவலுக்கான ஹ்யூகோவைப் பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளர் என். கே. ஜெமிசின்தான், அதுவும் 2016இல்தான். அவர் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதைப் பெற்றார். அதற்கு வாக்களித்தவர்களும் இதே போன்ற மாநாட்டு உறுப்பினர்கள்தாம். நீங்கள் போவதால் அந்தக் கூடத்தில் ஒருவர் கூடுகிறார். அடுத்து வரும் தமிழ்ப் பிள்ளைக்குத் தயக்கம் அந்த அளவுக்குக் குறையும்.

கேள்வி: பதினாறு வயது மகள் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். அனுப்பலாமா?
— வாசகி, குரோய்டன்

பதில்: அவளை அனுப்புவதைவிட அவளோடு நீங்களும் போவது நல்லது; அந்த வயதுக்குப் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி பொதுவாக இருக்கும். இளையோருக்குக் கட்டணமும் குறைவு. மாநாட்டின் நடத்தை விதிகளை இருவரும் சேர்ந்து படியுங்கள். தொந்தரவு நேர்ந்தால் யாரிடம் போக வேண்டும் என்பதை முதல் நாளே நேரில் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓவியக் கண்காட்சிக்கு அவளை அழைத்துப் போங்கள். ஒவ்வொரு ஓவியத்தின் கீழும் ஏலத்தாள் தொங்கும். விருப்பமான விலையை அதில் எழுதலாம். தன் கையால் எழுதி வென்ற சிறு ஓவியத்தை அவள் கல்லூரி விடுதிவரை கொண்டுபோவாள்.

கேள்வி: உறுப்பினர்களே எல்லாம் என்று சொல்கிறீர்கள். ஆனால் உலக மாநாட்டின் ஹ்யூகோ விருதில் பெரிய குளறுபடி நடந்ததாகப் படித்தேனே?
— வாசகர், புதுச்சேரி

பதில்: நடந்தது, உண்மைதான். 2023ஆம் ஆண்டு உலக மாநாடு சீனாவின் செங்டு நகரில் நடந்தது. 2024 ஜனவரியில் வாக்கு விவரங்கள் வெளியானபோது, போதிய பரிந்துரைகள் பெற்ற சில நூல்களும் எழுத்தாளர்களும் எந்தக் காரணமும் சொல்லப்படாமல் தகுதியற்றவை என்று நீக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ரசிகர்கள்தான் அந்தக் கணக்குகளை வரிக்கு வரி பிரித்துப் பார்த்து, விடாமல் கேள்வி கேட்டார்கள். அடுத்து அதே ஆண்டு ஆகஸ்டில் கிளாஸ்கோவில் நடந்த மாநாட்டின் விருதுக் குழு, போலியானவை என்று கண்டறிந்த 377 வாக்குகளை நீக்கியதோடு, ஏன் நீக்கினோம் என்பதை முடிவு அறிவிப்பதற்கு முன்பே பொதுவில் எழுதியது.

ரசிகர்களே நடத்தும் அமைப்பில் ரசிகர்களின் குறைகளும் இருக்கும். 1939 மாநாட்டின் முதல் நாளிலேயே, வேறு குழுவைச் சேர்ந்த ஆறு ரசிகர்களை அமைப்பாளர்கள் உள்ளே விடாமல் வாசலில் நிறுத்தினார்கள். அவர்களில் பிற்காலத்தில் பெரிய எழுத்தாளராகவும் பதிப்பாசிரியராகவும் விளங்கிய ஃபிரெடரிக் போல் ஒருவர். 2015இல் ஒரு குழு, எவற்றைப் பரிந்துரைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு ஹ்யூகோ விருதைக் கைப்பற்ற முயன்றபோது, ஐந்து பிரிவுகளில் விருது எவருக்கும் இல்லை என்று உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். வாக்குச்சீட்டில் அதற்கும் ஓர் இடம் உண்டு. இத்தனையும் தெரிந்தே நான் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி வாக்களிக்கிறேன். தவறு நடந்தால் கேட்கும் உரிமை எனக்கும் இருப்பதுதான் காரணம்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். இங்கிலாந்து போக வசதியும் இல்லை, விசாவும் கிடைக்காது. எங்களுக்கு என்ன வழி?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டு வழிகள் சொல்கிறேன். ஒன்று, அண்மைக்கால மாநாடுகள் பலவற்றில் இணையவழி உறுப்பினர் திட்டம் இருக்கிறது. நேரில் போவதைவிடக் கட்டணம் குறைவு. அமர்வுகளைக் கேட்கலாம், எழுத்தில் உரையாடலாம். நேர வித்தியாசம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கும். அவர்களின் மதிய அமர்வு உங்களுக்கு மாலை.

இரண்டாவது வழியை நான் அதிகம் விரும்புகிறேன். 1937இல் லீட்ஸ் மண்டபத்துக்கு வந்தவர்களில் பிற்காலத்தில் புகழ்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளரான ஆர்தர் சி. கிளார்க் என்ற பத்தொன்பது வயது இளைஞரும் ஒருவர். 1956இல் நியூயார்க் உலக மாநாட்டின் சிறப்பு விருந்தினர் அவர்தான்; அதே ஆண்டு இலங்கையில் குடியேறி, 2008இல் கொழும்பில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். லீட்ஸ் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு சிறிய அறையில் அடங்கிவிடக் கூடியவர்கள்தாம். அவர்களிடம் பணம் இல்லை. பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசி, ஒரு சங்கம் தொடங்குவது என்று முடிவெடுத்துக் கலைந்தார்கள்.

உங்கள் ஊரில் ஒரு சனசமூக நிலையத்தையோ பள்ளிக்கூட அறையையோ ஒரு சனிக்கிழமைக்குக் கேட்டுப் பாருங்கள். பதினைந்து நாற்காலிகள் போதும். காலையில் ஒரு சிறுகதையை எல்லாரும் படித்துவிட்டு வந்து பேசுங்கள். மதியம் இயற்பியல் ஆசிரியர் ஒருவரை அழைத்து அந்தக் கதையின் அறிவியலைக் கேளுங்கள். மாலையில் எழுத ஆசை உள்ளவர்கள் தங்கள் கதையைப் படிக்கட்டும். வருபவர்களிடம் ஒரு சிறு தொகையை உறுப்பினர் கட்டணமாக வாங்கி, கணக்கை அங்கேயே எல்லார் முன்னிலையிலும் வாசித்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தை யார் நடத்துவது என்பதைக் கலைவதற்கு முன்பே வாக்கெடுத்து முடிவு செய்யுங்கள். தேதி குறித்ததும் எனக்கு எழுதுங்கள். ஐந்து நிமிட அட்டை ஒன்றை எழுதி அனுப்பிவைக்கிறேன்.